வேலைக்காரன் வேஷத்தில் ஒரு ராஜா: வாசகர் கேள்வி - பதில்

போன இதழில் விக்டோரியா கால எண்ணெய் ஓவியங்களைப் பற்றி எழுதும்போது, தப்பியோடும் ராஜாக்களை வரைவதில் அந்த ஓவியர்களுக்கு ஒரு தனி ஆசை இருந்தது என்று போகிறபோக்கில் ஒரு வரி சொல்லியிருந்தேன். வந்த கடிதங்களில் பாதி அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு வந்தவைதான். அதனால் இந்த முறை முழுக்க அதே விஷயம்.

கேள்வி: பழைய ஆங்கில ஓவியம் ஒன்றின் அச்சுப் படம் என்னிடம் இருக்கிறது. குதிரைமேல் முன்னால் ஓர் இளைஞன், கடிவாளம் அவன் கையில். பின்னால் பட்டு உடையில் ஒரு பெண். சாலையோரம் சில படைவீரர்கள் முறைத்துப் பார்க்கிறார்கள். கீழே 'அரசரின் தப்பியோட்டம்' என்பதற்கு மேல் ஒன்றும் இல்லை. யார் அந்த அரசர்? இப்படி நிஜமாகவே நடந்ததா?

பதில்: நடந்தது. அந்த இளைஞன் இங்கிலாந்தின் இரண்டாம் சார்ல்ஸ், பின்னால் உட்கார்ந்திருப்பவர் ஜேன் லேன். இந்தக் காட்சியைப் பலர் வரைந்திருக்கிறார்கள். ஓவியர் பெயர் இல்லாமல் யாருடையது என்று சொல்ல முடியாது, ஆனால் கதையில் சந்தேகமே இல்லை.

1651 செப்டம்பர் 3, வூஸ்டர் போர். அப்பா முதலாம் சார்ல்ஸின் தலையை இரண்டு வருஷம் முன்னால்தான் வெட்டியிருந்தார்கள். மகன் ஸ்காட்லாந்துப் படையைக் கூட்டிக்கொண்டு வந்து, பாராளுமன்றப் படைத்தலைவர் குரோம்வெல்லிடம் சுத்தமாகத் தோற்றார். வயது 21. அன்று ராத்திரியிலிருந்து அக்டோபர் 15 வரை, ஆறு வாரம், ஒளிந்தும் நடந்தும் குதிரையேறியும் திரிந்து, கடைசியில் ஷோரம் பக்கத்தில் ஒரு நிலக்கரிப் படகில் ஏறிப் பிரான்ஸ் போய்ச் சேர்ந்தார். தலைக்கு ஆயிரம் பவுன் விலை வைத்திருந்தார்கள், அந்த நாளில் ஒரு கூலிக்காரன் ஆயுசு முழுக்க உழைத்தாலும் கண்ணில் பார்க்க முடியாத தொகை. ஆளோ ஆறடிக்கு மேல் உயரம், கறுத்த முடி. தேடும் அறிவிப்பிலேயே 'இரண்டு கெஜத்துக்கு மேல் உயரமானவன்' என்று போட்டுவிட்டார்கள், இப்படிப்பட்ட ஆளை எங்கே கொண்டுபோய் ஒளிப்பது?

ஜேன் லேன் ஸ்டாஃபர்ட்ஷயரில் வசதியான குடும்பத்துப் பெண், வயது இருபத்தைந்தை ஒட்டி. பிரிஸ்டல் அருகே பிரசவத்துக்குக் காத்திருந்த தோழியைப் பார்க்க, ஒரு வேலைக்காரனோடு போய்வர அவரிடம் அனுமதிச் சீட்டு இருந்தது. அந்த வேலைக்காரன் இடத்தில்தான் ராஜா புகுந்துகொண்டார். பெயர் வில்லியம் ஜாக்சன். புறப்படும்போதே வேஷம் கலையப் பார்த்தது: ஜேன் குதிரையேறக் கை கொடுக்க வேண்டிய வேலைக்காரர் தப்பான கையை நீட்டினாராம், விஷயம் தெரியாத ஜேனின் அம்மா 'நல்ல குதிரைக்காரனைப் பிடித்தாள் என் மகள்' என்று சிரித்தாராம்.

அப்புறம் வழியில் குதிரையின் லாடம் கழன்றது. ஒரு சிற்றூரில் கொல்லனிடம் நிறுத்தி, குதிரையின் காலை ராஜாவே பிடித்துக்கொண்டு, என்ன செய்தி என்று கேட்டிருக்கிறார். ஸ்காட்லாந்துக்காரர்களை அடித்தது தவிர ஒன்றும் இல்லை, அந்தப் போக்கிரி சார்ல்ஸ் ஸ்டூவர்ட் இன்னும் அகப்படவில்லை என்றான் கொல்லன். அவன் அகப்பட்டால் மற்ற எல்லாரையும்விட அவனைத்தான் முதலில் தூக்கில் போட வேண்டும் என்றார் ராஜா. நீ யோக்கியமாகப் பேசுகிறாய் என்று கொல்லன் பாராட்டினானாம். இது சார்ல்ஸே பிற்பாடு சொன்னது. 1680-ல் நியூமார்க்கெட்டில் உட்கார்ந்து அவர் சொல்லச் சொல்ல, டயரி எழுதிப் பேர்பெற்ற சாமுவேல் பீப்ஸ் சுருக்கெழுத்தில் எழுதிக்கொண்டார்.

உங்கள் படத்தில் முறைக்கும் படைவீரர்களுக்கும் ஆதாரம் உண்டு. ஸ்ட்ராட்ஃபர்ட் பக்கத்தில் ஒரு குதிரைப்படை எதிர்ப்பட்டது. கூட வந்த ஜேனின் உறவினர் பயந்து வேறு வழியாகத் திரும்பிவிட்டார், இவர்கள் இருவரும் ஊருக்குள் போனால் அதே படை அங்கே நிற்கிறது. ஒன்றும் நடக்கவில்லை, வழிவிட்டுவிட்டார்கள். ஓவியர்கள் அந்த 'ஒன்றும் நடக்கவில்லை' என்பதை ஒத்துக்கொள்வதில்லை, யாராவது ஒரு சிப்பாய் திரும்பிப் பார்த்தே ஆகவேண்டும்.

கேள்வி: ஓடி ஒளியும் ஆள் இவ்வளவு சுத்தமாக, இவ்வளவு அழகாக இருக்க முடியுமா? ஓவியர்கள் கதை விடுகிறார்களா?

பதில்: விடுகிறார்கள், தாராளமாக. சார்ல்ஸ் தன் நல்ல உடைகளைக் கழிப்பறைக் குழியில் வீசியதாக அவரே சொல்கிறார். அதற்குப் பதில் போட்டது சாம்பல் நிறத்தில் சாதாரணக் கால்சட்டை, தோல் மேலாடை, பச்சை நிறத்தில் ஒரு சட்டை. தலைமுடியை ஒட்ட வெட்டிவிட்டார்கள், முகத்தில் சாயம். செருப்பு அளவு சேராமல் கால் முழுக்கக் கொப்புளமும் ரத்தமும், ஒரு கட்டத்தில் இனி நடக்க மாட்டேன் என்று தரையில் படுத்துவிட்டார். ஜேன் லேனோடு கிளம்பும்போது கொஞ்சம் நல்ல வேலைக்கார உடை கொடுத்தார்கள் என்பது உண்மைதான், ஆனால் கேன்வாஸில் வருகிற சுருள்முடி அழகன் அங்கே இல்லை.

காரணமும் எளிது. பதினேழாம் நூற்றாண்டு உடைக்கு விக்டோரியா ஓவியர்கள் பார்த்தது, முதலாம் சார்ல்ஸின் அரண்மனை ஓவியரான வான் டைக் வரைந்த உருவப்படங்களை. வான் டைக்குக்கு முன்னால் வந்து நின்றவர்கள் எல்லாரும் வீட்டில் இருந்ததிலேயே நல்ல உடையைப் போட்டுக்கொண்டு வந்தவர்கள். அந்த லேஸையும் சாட்டினையும் எடுத்து ஓடுகிற ஆளுக்கு மாட்டினால் இப்படித்தான் இருக்கும். அதோடு, யார் ராஜா என்று கண்காட்சியில் கூட்டத்துக்குப் பின்னால் நிற்பவருக்கும் தெரிய வேண்டும் அல்லவா? வேஷம் நன்றாகப் பொருந்தினால் ராஜா பிழைப்பார், ஓவியம் பிழைக்காது.

என்னைக் கேட்டால் யாரும் வரைய விரும்பாத காட்சிகள்தான் சிறந்தவை. சார்மத் என்ற கடலோர ஊரில் சார்ல்ஸுக்குப் படகு தருவதாக ஒத்துக்கொண்ட மாலுமி ராத்திரி வரவே இல்லை, ஏனென்றால் சமாச்சாரம் ஆபத்தானது என்று மோப்பம் பிடித்த அவன் மனைவி அவனை அறைக்குள் வைத்துப் பூட்டிவிட்டாள். முடியாட்சியின் எதிர்காலமே ஒரு குடும்பச் சண்டையில் நின்றுபோனது. இதை யாராவது ஆறடிக் கேன்வாஸில் வரைந்திருந்தால் நான் காசு கொடுத்துப் பார்ப்பேன்.

கேள்வி: ஜெயித்த ராஜாக்களை வரையாமல் ஓடிப்போன ராஜாக்களை ஏன் வரைந்தார்கள்? அதுவும் விக்டோரியா மகாராணி ஆண்ட காலத்தில்? ராஜத்துரோகம் ஆகாதா?

பதில்: நல்ல கேள்வி. ஜெயித்தவர்களையும் வரைந்தார்கள், வரையாமல் இல்லை. ஆனால் ஜெயித்த ராஜா உயரத்தில் நிற்கிறார், பார்க்கிறவனுக்குச் செய்ய ஒன்றும் இல்லை, கைதட்டிவிட்டுப் போகலாம். ஓடுகிற ராஜா நம் வீட்டுக் கதவைத் தட்டுகிறார். திறப்பாயா, மாட்டாயா என்று படம் கேட்கிறது. அதனால்தான் இந்த ஓவியங்களில் நிஜக் கதாநாயகர் பெரும்பாலும் ராஜா இல்லை. உங்கள் கண் எங்கே போய் நிற்கிறது என்று பாருங்கள், குதிரையின் பின்னால் உட்கார்ந்திருக்கும் பெண்ணிடம், படகைத் தள்ளும் பையனிடம், கதவிடுக்கில் நிற்கும் விவசாயியிடம்.

ராஜத்துரோகமும் ஆகாது. அன்றைய இங்கிலாந்தில் ஆட்சி நடத்தியது பாராளுமன்றம். ஸ்டூவர்ட் வம்சத்துக்கு அரியணை கேட்க ஆள் இல்லை, அதனால் அவர்களுக்காகக் கண்ணீர் விடுவதில் ஆபத்தும் இல்லை. விக்டோரியாவே தன் உடம்பில் ஓடும் ஸ்டூவர்ட் ரத்தத்தைப் பற்றிப் பெருமைப்பட்டவர். வால்டர் ஸ்காட் தன் நாவல்களால் தரையை ஏற்கெனவே உழுது வைத்திருந்தார். பாரிஸில் ஓவியர் டெலரோஷ், ஒன்பதே நாள் ராணியாக இருந்த லேடி ஜேன் கிரேயின் மரண தண்டனையை வரைந்து, ஆங்கில வரலாற்றை இப்படிக் கண்கலங்க வரையலாம் என்று 1830களிலேயே காட்டிவிட்டார். இதோடு வாங்குகிற ஆளும் மாறியிருந்தார்: ஆலை முதலாளி, வியாபாரி, வங்கிக்காரர். கிரேக்கப் புராணம் அவர்களுக்கு வேண்டாம், கதை புரிய வேண்டும். ஒரு படம் ராயல் அகாடமியின் கோடைக் கண்காட்சியில் பேர் வாங்கிவிட்டால், அதைச் செதுக்கி அச்சடித்து நடுத்தர வீடுகளுக்கெல்லாம் விற்கலாம், அந்த உரிமையின் விலை சில சமயம் படத்தின் விலையோடு போட்டி போட்டது.

இன்னொன்று, இது வெறும் பழங்கதை இல்லை. 1848 பிப்ரவரியில் பிரான்ஸ் மன்னர் லூயி பிலிப் நிஜமாகவே கம்பி நீட்டினார். கிருதாவை மழித்துக்கொண்டு, கண்ணாடி மாட்டிக்கொண்டு, 'மிஸ்டர் ஸ்மித்' என்ற பெயரில் மார்ச் 3 அன்று நியூஹேவன் துறையில் வந்து இறங்கினார். அடுத்த மாதமே லண்டனில், ஓட்டுரிமை கேட்டுப் போராடிய சார்ட்டிஸ்டுகள் பெரிய கூட்டம் கூட்டப்போகிறார்கள் என்று தெரிந்ததும் விக்டோரியாவையும் குழந்தைகளையும் வைட் தீவில் இருந்த ஆஸ்போர்ன் மாளிகைக்கு அனுப்பிவைத்தார்கள். அந்தப் பயணத்தை வரைந்து கண்காட்சிக்கு அனுப்ப எந்த ஓவியருக்குத் துணிச்சல் வரும்? 200 வருஷம் பழைய ராஜாவை ஓடவிட்டு வரைவதுதான் எல்லாருக்கும் சௌகரியம்.

கேள்வி: மரப்பொந்துக்குள் ஒளிந்திருக்கும் ஆண், அவனுக்கு ரகசியமாகச் சாப்பாடு கொண்டுவரும் பெண். மில்லே வரைந்தது. அதுவும் இரண்டாம் சார்ல்ஸா?

பதில்: இல்லை, ஆனால் எல்லாரும் அப்படி நினைக்கட்டும் என்றுதான் மில்லே விரும்பியிருப்பார். படத்தின் பெயர் 'தேடப்படும் ராஜவிசுவாசி, 1651'. 1853-ல் ராயல் அகாடமியில் வைத்தார். தலைப்பில் வருஷத்தைப் போட்டதே போதும், 1651-ம் கருவேல மரமும் சேர்ந்தால் இங்கிலாந்துக்காரர்களுக்கு வேறு எதுவும் நினைவுக்கு வராது. வூஸ்டர் தோல்விக்கு மூன்று நாள் கழித்து, பாஸ்கோபெல் என்ற இடத்தில், கர்னல் கேர்லெஸ் என்பவரோடு சார்ல்ஸ் ஒரு பெரிய கருவேல மரத்தின்மேல் ஏறிப் பகல் முழுக்க ஒளிந்திருந்தார். கீழே காட்டில் சிப்பாய்கள் தேடிக்கொண்டிருந்தார்கள். களைப்பில் ராஜா கர்னலின் கைமேல் தலைவைத்துத் தூங்கிவிட, கை மரத்துப்போய், விழுந்துவிடுவாரோ என்று கிள்ளி எழுப்ப வேண்டியிருந்ததாம். இங்கிலாந்தில் இன்றும் ஏராளமான மதுக்கடைகளுக்கு 'ராயல் ஓக்' என்று பெயர் இருப்பது இந்த மரத்தால்தான்.

மில்லே கெட்டிக்காரர். ராஜாவைத் தூக்கிவிட்டுப் பெயரில்லாத ஓர் ஆளைப் பொந்துக்குள் வைத்தார். சாப்பாடு கொண்டுவருகிறவள் எதிர்க்கட்சியான பியூரிட்டன் வீட்டுப் பெண். அவன் அவள் கையை முத்தமிடுகிறான், அவளோ அவனைப் பார்க்காமல் திரும்பிக் காட்டைப் பார்க்கிறாள். பயம் முழுக்க அவள் கழுத்துத் திருப்பத்தில் இருக்கிறது. பொந்துக்குள் இருக்கும் ஆளுக்கு மாடலாக நின்றவர் ஆர்தர் ஹியூஸ், அவரும் ஓவியர். மரத்தை மில்லே கென்ட்டில் நேரில் போய் நின்று வரைந்திருக்கிறார், பெரணியும் பட்டையும் அவ்வளவு துல்லியம். அதே கண்காட்சியில் மில்லேயின் இன்னொரு படம், 'விடுதலை உத்தரவு, 1746', அதற்குக் கூட்டம் தாங்காமல் ஒரு போலீஸ்காரரைக் காவலுக்கு நிறுத்தினார்களாம்.

கேள்வி: ஸ்காட்லாந்து ராணி மேரி படகில் தப்பிக்கும் படம் பார்த்தேன். சாவிக்கொத்தைத் தண்ணீரில் எறிகிறான் ஒரு பையன். இது கற்பனையா?

பதில்: கற்பனை இல்லை. ஏரி நடுவே தீவில் இருக்கும் லாக்லெவன் கோட்டையில் மேரியை 1567 ஜூனில் அடைத்தார்கள், அங்கேதான் மிரட்டி முடிதுறக்க வைத்தார்கள். 1568 மே 2 அன்று, கோட்டைக்காரர் சாப்பாட்டில் மும்முரமாக இருந்தபோது வில்லி டக்ளஸ் என்ற பையன் சாவியைக் கிளப்பிக்கொண்டு, மேரியை வெளியே கூட்டிவந்து, வாசலை வெளியில் பூட்டி, சாவியைத் தூக்கி எறிந்துவிட்டுப் படகைத் தள்ளினான்.

ஆனால் ஒரு மாதம் முன்பு நடந்து தோற்ற முயற்சிதான் எனக்கு இதைவிடப் பிடிக்கும். துணி வெளுக்கும் பெண்போல முகத்தை மூடிக்கொண்டு மேரி படகில் ஏறிவிட்டார். படகுக்காரன் விளையாட்டாக முகத்துணியை இழுக்கப் போக, தடுக்கக் கையைத் தூக்கினார். அவ்வளவுதான், வெள்ளை வெளேர் என்ற கை, துணி துவைத்த கை இப்படியா இருக்கும்? திருப்பிக் கொண்டுபோய் விட்டுவிட்டான், ஆனால் காட்டிக்கொடுக்கவில்லை. முகத்தை மறைக்கலாம், வேலை செய்யாத கையை மறைக்க முடியாது.

தப்பித்தவருக்குக் கிடைத்தது பதினோரு நாள். மே 13 லாங்சைடில் தோல்வி, மே 16 கடல் தாண்டி இங்கிலாந்து, அந்த நாட்டு ராணி முதலாம் எலிசபெத் அடைக்கலம் தருவார் என்று நம்பி. பதினெட்டு வருஷத்துக்கு மேல் காவலில் வைத்து 1587-ல் தலையை வெட்டினார்கள். அச்சுப் படமாக மாட்டிவைக்கிறவர்கள் படகோடு கதையை நிறுத்திக்கொள்வது ஏன் என்று புரிகிறதா?

கேள்வி: இரண்டாம் ஜேம்ஸும் தப்பியோடினாரே, அவருக்கு ஏன் இத்தனை படங்கள் இல்லை?

பதில்: ஏனென்றால் அவரை ஒளித்துவைக்க யாரும் போட்டி போடவில்லை. சார்ல்ஸின் தம்பிதான் இந்த ஜேம்ஸ். 1688 டிசம்பரில் போகிற வழியில் அரசு முத்திரையைத் தேம்ஸில் போட்டுவிட்டுப் போனார், ஃபேவர்ஷம் மீனவர்கள் யாரோ பாதிரியார் என்று நினைத்துப் பிடித்துச் சோதனை போட்டு அவமானப்படுத்தினார்கள். லண்டனுக்குத் திரும்பக் கொண்டுவந்தார்கள். இரண்டாம் தடவை ஓடும்போது, படையோடு வந்து அவரை விரட்டிய மருமகன் வில்லியமே, போய்த்தொலையட்டும் என்று காவலைத் தளர்த்தி வழி விட்டார். இதை எப்படி வீரமாக வரைவது? ஆண்ட்ரூ காரிக் கௌ 1888-ல் 'பாய்ன் போருக்குப் பின் இரண்டாம் ஜேம்ஸின் ஓட்டம்' என்று ஒன்று வரைந்தார், அது டேட் என்ற பிரிட்டிஷ் கலைக்கூடத்தின் சேகரிப்பில் இருக்கிறது. அது 1690-ல் அயர்லாந்திலிருந்து ஓடியது, அதாவது அடுத்த ஓட்டம்.

கேள்வி: ராஜாவுக்கு உதவினவர்களுக்கு என்ன கிடைத்தது? படங்களில் அது வருவதே இல்லை.

பதில்: ஜேன் லேன் விஷயம் கசிந்ததும் அவரும் அண்ணனும் வேஷம் போட்டுக்கொண்டு கடற்கரைக்கு நடந்துபோய்ப் பிரான்ஸுக்குத் தப்பினார்கள். ராஜாவைத் தப்பவைத்தவரே தப்பியோட வேண்டிவந்தது. 1660-ல் சார்ல்ஸ் அரியணை ஏறியதும் வருஷத்துக்கு ஆயிரம் பவுன் ஓய்வூதியம், நகை வாங்கப் பாராளுமன்றத்திலிருந்து இன்னொரு ஆயிரம். பாஸ்கோபெல்லில் மறைத்துவைத்த பெண்டரல் சகோதரர்களுக்கும் பரம்பரைக்கும் ஓய்வூதியம். சார்ல்ஸ் வாக்குத் தவறுவதில் பேர்போனவர், இந்த ஒரு விஷயத்தில் மட்டும் மறக்கவில்லை என்று சொல்லலாம். தன் கதையைச் சொல்லவும் அலுத்ததில்லை. 1660 மே மாதம் திரும்பிவரும் கப்பலிலேயே ஆரம்பித்துவிட்டார், கேட்டு அழுகை வரும்போல இருந்தது என்று பீப்ஸ் டயரியில் எழுதியிருக்கிறார்.

லண்டனில் பாராளுமன்றக் கட்டிடத்தில் ஒரு தாழ்வாரம் உண்டு. 1834-ல் பழைய கட்டிடம் எரிந்து புதிதாகக் கட்டியபோது அதற்கு எட்டுச் சுவரோவியங்கள் எட்வர்ட் மேத்யூ வார்டு வரைந்தார். ஒன்றில் ஜேன் லேன் சார்ல்ஸைத் தப்பவைக்கிறார். இன்னொன்றில் ஆலிஸ் லைல் என்ற வயதான பெண்மணி, 1685 கலகத்தில் தோற்று ஓடிவந்தவர்களை ஒளித்துவைக்கிறார். செய்தது இரண்டு பேரும் ஒன்றேதான், கதவைத் திறந்தது. ஆனால் ஆலிஸ் ஒளித்தது ராஜாவை அல்ல, ராஜாவுக்கு எதிராகக் கிளம்பினவர்களை. சார்ல்ஸின் தம்பி ஜேம்ஸ் ஆண்ட காலம் அது, எழுபது வயதை ஒட்டிய அந்தக் கிழவியின் தலையை வின்செஸ்டரில் வெட்டினார்கள். தனித்தனியாகப் பார்த்தால் இரண்டும் சுமாரான வரலாற்றுப் படங்கள்தான். ஒரே தாழ்வாரத்தில் சேர்த்து வைத்தவருக்கு மூளை இருந்திருக்கிறது.

கேள்வி: இந்தக் காலத்து எண்ணெய் ஓவியங்கள் சிலவற்றில் நிழல் பகுதி மட்டும் கறுத்து, முதலைத் தோல்போல வெடித்திருக்கிறதே?

பதில்: பிட்யூமன். தார் வகைதான். பூசினதும் தங்கநிறம் கலந்த ஆழமான பழுப்பு கிடைக்கும், இரவு, காடு, குகை, மெழுகுவர்த்தி வெளிச்சம் எல்லாவற்றுக்கும் தோதானது, தப்பியோடும் காட்சிகளுக்குச் சொல்லவே வேண்டாம். தொல்லை என்னவென்றால் அது முழுசாகக் காய்வதே இல்லை. மேலே காய்ந்த அடுக்கு, கீழே இன்னும் நகரும் அடுக்கு, இழுத்துக்கொண்டு பிளந்துவிடும். ஸ்காட்லாந்து ஓவியர் டேவிட் வில்கியின் படங்கள் சில இதனால் பாழாயின. மேல்பூச்சான வார்னிஷ் மஞ்சளானால் சுத்தம் செய்து எடுத்துவிடலாம், பிட்யூமன் வெடிப்பை அப்படிச் சரிசெய்ய முடியாது. மில்லேயின் கூட்டாளிகள் வெள்ளைப் பூச்சின்மேல் மெல்லிய வண்ணம் வைத்தவர்கள், அவர்கள் படங்கள் இன்னும் பளிச்சென்று இருப்பதற்கு அது ஒரு காரணம்.

கேள்வி: வீட்டில் இருக்கும் பழைய 'தப்பியோட்ட' படம் அசல் எண்ணெய் ஓவியமா, அச்சா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? தொட்டுப்பார்த்தால் கேன்வாஸ் மாதிரி சொரசொரப்பாக இருக்கிறது.

பதில்: சொரசொரப்பை நம்பாதீர்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே ஓலியோகிராஃப் என்று வந்துவிட்டது. வண்ண அச்சுப் படத்தின்மேல் கேன்வாஸ் நெசவை அழுத்திப் பதித்து, வார்னிஷும் பூசி விற்றார்கள். ஒரு பூதக்கண்ணாடியால் முகத்தையும் வானத்தையும் பாருங்கள். சின்னச்சின்னப் புள்ளிகள் தெரிந்தால் அச்சு. தூரிகையின் இழுப்பு, ஒரு வண்ணம் இன்னொன்றின்மேல் ஏறி மேடாக நிற்பது தெரிந்தால் கையால் வரைந்தது. நெசவு படம் முழுக்க ஒரே சீராக, வண்ணம் தடிப்பாக இருக்க வேண்டிய இடத்திலும் அப்படியே ஓடினால் சந்தேகப்படுங்கள். கறுப்பு வெள்ளைச் செதுக்கல் என்றால் படத்தைச் சுற்றித் தாளில் தகடு அழுந்திய சதுர விளிம்பு இருக்கும், அந்த விளிம்புக்குள், படத்துக்குச் சற்றுக் கீழே இடது ஓரத்தில் ஓவியர் பெயரும் வலது ஓரத்தில் செதுக்கியவர் பெயரும் பொடி எழுத்தில் இருப்பது வழக்கம். சட்டத்துக்குள் அந்த விளிம்பு மறைந்திருக்கலாம், முதலில் பின்பலகையைக் கழற்றிப் பாருங்கள். முதல் கேள்வி கேட்ட வாசகருக்கும் இதுதான், ஓவியர் பெயர் அங்கேதான் இருக்கும், கிடைத்தால் எழுதுங்கள்.